பிரிட்ஜ் ஆட்டம்: போட்டி ஏலமும் தடுப்பாட்டமும்



சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கும் முகம் சுளிக்கத் தோன்றும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருவள்ளுவர் ‘சூது’ என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களில் அதன் கேட்டை எடுத்துரைத்தார். சீட்டினால் குடி கெட்ட கதைகள் ஊருக்கு நான்காவது உண்டு. ஆனால் சூது வேறு, சீட்டு வேறு. பணயம் வைத்து அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது சூது. அறிவையும் நினைவாற்றலையும் நம்பி ஆடுவது விளையாட்டு. 1967-ஆம் ஆண்டில் ரம்மி ஆட்டத்தைப் பற்றிய ஒரு வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று முடிவு செய்தது. அதில் தற்செயலுக்கு உள்ள இடம், பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டைப் பகிர்வதில் உள்ள தற்செயலைப் போன்றதே என்றும் எடுத்துக் காட்டியது. பிரிட்ஜ் திறமையின் ஆட்டம் என்பதை ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றாகக் கொண்டே நீதிபதிகள் அதை அளவுகோலாக வைத்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

அந்தப் பிரிட்ஜ் ஆட்டத்தில் இரண்டு பகுதிகளைப் பற்றி மட்டும் இன்று பேச எண்ணுகிறேன். ஒன்று, இரு அணியினரும் விட்டுக்கொடுக்காமல் ஏலம் கேட்கும் போட்டி ஏலம். மற்றொன்று, எதிரணி எடுத்த ஒப்பந்தத்தை முறியடிக்கும் தடுப்பாட்டம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. வேலையின் பொருட்டுக் கொல்கத்தாவுக்கோ, மும்பைக்கோ, தில்லிக்கோ சென்றவர் முதலில் உணரும் குறை மொழிக் குறை. அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளித்துவிடலாம். மாலை வேளையில், அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து அளவளாவும்போதுதான் நாக்கு தடுமாறும். பிரிட்ஜ் மேஜைக்கோ ஒரு தனி மொழி உண்டு. அதில் மொத்தம் பதினைந்தே சொற்கள். ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள் ஏழு. கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லா ஆட்டம் என்னும் ‘நோ டிரம்ப்’ ஆகியவை ஐந்து. பாஸ், டபிள், ரீடபிள் ஆகியவை மூன்று. இந்தப் பதினைந்து சொற்களை அறிந்தவர் எந்த ஊரிலும் நான்காவது நாற்காலியில் அமரலாம். வங்காளியும் தமிழரும் ஒரே ஜோடியாக இருந்து, ஒரு மாலை முழுவதும் வேறு பேச்சே இல்லாமல் ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிந்துகொள்ளலாம்.

ஆட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிறந்த விஸ்ட் என்னும் ஆட்டம் இதற்குப் பாட்டி. அதிலிருந்து பிரிட்ஜும், பின்னர் ஏலம் கேட்கும் ஆக்‌ஷன் பிரிட்ஜும் தோன்றின. 1925-ஆம் ஆண்டில் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர், பனாமாக் கால்வாய் வழியே சென்ற ஒரு கப்பற்பயணத்தின்போது, புள்ளி இடும் முறையைத் திருத்தி அமைத்தார். ஏலத்தில் கேட்ட அளவுக்கு மட்டுமே வெகுமதி. கேட்காமல் கூடுதலாக எடுத்த பிடிகள் பெரும் வெகுமதிக்குச் சேரா என்பதே அவர் வகுத்த முறையின் உயிர்நாடி. அதுவே இன்று உலகெங்கும் ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ்.

நான்கு பேர், இரண்டு ஜோடிகள். எதிரெதிரே அமர்ந்திருப்பவர் கூட்டாளிகள். அவர்களை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசைப் பெயரால் அழைப்பது வழக்கம். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி. கிழக்கும் மேற்கும் மற்றொரு ஜோடி. ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று சீட்டுகள். ஆகவே மொத்தம் பதின்மூன்று பிடிகள். ‘நான்கு ஆட்டின்’ என்று ஒருவர் கேட்டால், ஆட்டினைத் துருப்பாக வைத்து ஆறோடு நான்கு சேர்த்துப் பத்துப் பிடிகள் எடுப்பதாக அவர் ஒப்பந்தம் செய்கிறார் என்பது பொருள். அடுத்துக் கேட்பவர் அதைவிட உயர்வாகவே கேட்க வேண்டும். வரிசையில் கிளாவர் தாழ்ந்தது. அதற்கு மேல் டைமன், ஆட்டின், இஸ்பேட். எல்லாவற்றுக்கும் மேல் துருப்பில்லா ஆட்டம்.

கையின் வலிமையை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணுவர். சீட்டுக்கட்டு முழுவதற்கும் 40. ஏறத்தாழ 12 அல்லது 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். ஒரு ஜோடிக்கு 25 அளவில் இருந்தால், நான்கு ஆட்டின், நான்கு இஸ்பேட் போன்ற முழு ஆட்டத்துக்கு முயலலாம்.

எதிரணி பேசாமல் இருந்தால் ஏலம் ஓர் இனிய உரையாடல். ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்ல, படிப்படியாகச் சரியான இடத்தில் போய் நிற்கலாம். ஆனால் எதிரணிக்கும் வாய் உண்டு. அவர்கள் குறுக்கே புகுந்துவிட்டால் உரையாடல் வழக்காடலாக மாறுகிறது. அதுவே போட்டி ஏலம்.

எதிரி ஏலத்தைத் தொடங்கிய பின், வலிமை குறைந்த கையோடு நாம் ஏன் குறுக்கிட வேண்டும்? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ஒப்பந்தம் நமக்கே கிடைக்கக்கூடும். இரண்டாவது, எதிரிகள் தம்முள் பேசிக்கொள்ள வேண்டிய இடத்தை நாம் அடைத்துவிடுகிறோம். மூன்றாவது, தடுப்பாட்டம் ஆட நேர்ந்தால் எந்த வகைச் சீட்டை முதலில் இறக்க வேண்டும் என்பதைக் கூட்டாளிக்கு உணர்த்திவிடுகிறோம். இம்மூன்றில் ஒன்றுகூட நிறைவேறாது என்றால் வாய் திறவாதிருப்பதே நலம். ஐந்து சிறிய சீட்டுகளை வைத்துக்கொண்டு வெறும் ஆசையால் குறுக்கிடுகிறவர், எதிரிக்கு நம் கையைப் பற்றிய செய்தியைத் தருவதோடு, கூட்டாளியையும் தவறான சீட்டை இறக்கச் செய்கிறார்.

குறுக்கிடும் வழிகளிலும் வகைகள் உண்டு. நல்ல ஐந்து சீட்டு நீளமுள்ள ஒரு வகையை நேராகக் கேட்பது ஒன்று. மற்றொன்று டபிள். எதிரி ‘ஒரு ஆட்டின்’ என்று தொடங்கியவுடன் அடுத்தவர் ‘டபிள்’ என்றால், தண்டனைப் புள்ளியை இரட்டிப்பாக்கும் நோக்கம் அதில் இல்லை. ‘என்னிடம் தொடக்க வலிமை உண்டு, ஆட்டின் குறைவு, மற்ற மூன்று வகைகளில் எதைக் கேட்டாலும் தாங்குவேன், தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு’ என்று கூட்டாளியிடம் சொல்வதே அதன் கருத்து. அதே ‘டபிள்’, எதிரிகள் நான்கு இஸ்பேட் வரை ஏறிய பிறகு சொல்லப்பட்டால், ‘இது தோற்கும்’ என்ற எச்சரிக்கையாகப் பெரும்பாலும் பொருள்படும். ஒரே சொல், இடத்துக்கேற்பப் பொருள் மாறுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதுமையன்று.

மூன்றாவது வகை, இடத்தை அடைக்கும் ஏலம். ஒருவரிடம் ராஜா, ராணி, ஜாக்கியுடன் ஏழு இஸ்பேட் சீட்டுகள். மற்ற வகைகளில் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அவர் ‘மூன்று இஸ்பேட்’ என்றே ஏலத்தைத் தொடங்குகிறார். ஏலத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் மொத்தம் 35. இந்த ஒரே வாக்கால் அவற்றில் 14 கேள்விகள் எதிரிக்கு இல்லாமற் போகின்றன. பெரிய கை வைத்திருக்கும் எதிரி, நிதானமாகப் பேசி வழி தேட முடியாமல், ஒரே தாவலில் நான்காவது மாடிக்கு ஏற வேண்டியதாகிறது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. தாளும் பென்சிலும் அருகில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தெற்கிடம்: இஸ்பேட் 7, 4. ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி, 6, 4. டைமன் ஏஸ், 8, 3. கிளாவர் ராஜா, 7, 2.

வடக்கிடம்: இஸ்பேட் 8, 3. ஆட்டின் ஜாக்கி, 10, 7, 3. டைமன் ராஜா, ராணி, 5, 4. கிளாவர் ராணி, ஜாக்கி, 4.

மேற்கிடம்: இஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 9, 6, 5. ஆட்டின் 8 மட்டும். டைமன் ஜாக்கி, 7. கிளாவர் 10, 9, 8, 3.

கிழக்கிடம்: இஸ்பேட் ராணி, 10, 2. ஆட்டின் 9, 5, 2. டைமன் 10, 9, 6, 2. கிளாவர் ஏஸ், 6, 5.

தெற்கு ‘ஒரு ஆட்டின்’ என்று தொடங்குகிறார். மேற்கு ‘ஒரு இஸ்பேட்’ என்று குறுக்கிடுகிறார். வடக்கு நான்கு ஆட்டின் சீட்டுகளோடு ‘மூன்று ஆட்டின்’ என்று உயர்த்துகிறார். கிழக்கு தம்மிடமுள்ள மூன்று இஸ்பேட்டை நம்பி ‘மூன்று இஸ்பேட்’ என்கிறார். தெற்கு ‘நான்கு ஆட்டின்’. இப்போது மேற்கு என்ன சொல்வது?

நான்கு ஆட்டின் ஆடினால் தெற்கு இழப்பது இஸ்பேட்டில் இரண்டு பிடி, கிளாவர் ஏஸுக்கு ஒரு பிடி. மூன்றே இழப்பு. பத்துப் பிடிகள் கிடைக்கும், ஒப்பந்தம் நிறைவேறும். மேற்கு நான்கு இஸ்பேட் ஆடினாலோ, ஆட்டினில் ஒன்று, டைமனில் இரண்டு, கிளாவரில் இரண்டு, ஆக ஐந்து பிடிகளை இழக்க வேண்டும். எட்டுப் பிடிகளே கிடைக்கும். கேட்டது பத்து, இரண்டு குறைவு. தெரிந்தே தோற்பதற்காகக் கேட்பதா என்று நீங்கள் நினைக்கலாம். கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பிரிட்ஜில் ஒவ்வொரு அணிக்கும் சில ஆட்டங்களில் ஒரு சிறப்பு நிலை உண்டு. ஆங்கிலத்தில் ‘வல்னரபிள்’ என்பர். நாம் ‘அபாய நிலை’ என்று சொல்லலாம். அந்த நிலையில் வெற்றிக்கு வெகுமதியும் மிகுதி, தோல்விக்குத் தண்டனையும் மிகுதி. வடக்கு தெற்கு அணி அபாய நிலையில் இருந்து, நான்கு ஆட்டினை நிறைவேற்றினால் அவர்களுக்கு 620 புள்ளி. கிழக்கு மேற்கு அணி அபாய நிலையில் இல்லாமல், டபிள் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் இரண்டு பிடி குறைந்தால் இழப்பது 300 புள்ளிதான். எனவே நான்கு இஸ்பேட் கேட்டுத் தோற்பதில் 320 புள்ளி ஆதாயம். இதற்குத் தியாக ஏலம் என்று பெயர்.

நிலைமையைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். வடக்கு தெற்கு அபாய நிலையில் இல்லை. அவர்களுடைய நான்கு ஆட்டினுக்கு 420 மட்டுமே. கிழக்கு மேற்கு அபாய நிலையில் உள்ளனர். டபிள் செய்யப்பட்டு இரண்டு பிடி குறைந்தால் 500 போய்விடும். அதே சீட்டுகள், அதே ஏலம். ஆனால் இப்போது அது தியாகமன்று, ஊதாரித்தனம். ஆகவே கையைப் பார்க்கும் முன்னரே இரு அணிகளின் நிலையையும் பார்த்து மனத்தில் இருத்திக்கொள்வது போட்டி ஏலத்தின் முதற்பாடம்.

மேற்கு நான்கு இஸ்பேட் கேட்டதால் இன்னொரு பயனும் உண்டு. எதிரிகள் ஆத்திரப்பட்டு ‘ஐந்து ஆட்டின்’ கேட்டுவிட்டால் அவர்களுக்குப் பதினொரு பிடிகள் தேவை. கிடைப்பதோ பத்து. நிச்சயமாகக் கையிலிருந்த 620-ஐ இழந்து தண்டனையும் கட்டுவார்கள். உயர்ந்த படியில் எதிரியைக் கடைசி ஊகம் செய்யுமாறு விட்டுவிடுவது ஒரு கலை. அதே போல, எதிரி தள்ளினான் என்பதற்காக மேலே ஏறாமல், டபிள் சொல்லிக் கிடைத்ததைப் பெற்றுக்கொள்வதும் ஒரு கலை.

கூட்டாளியின் கையையும் எதிரியின் கையையும் பார்க்க முடியாத மேற்கு இதையெல்லாம் எப்படி அறிவார்? இதற்கு ஒரு வழிகாட்டியைப் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன் என்பவர் கண்டுபிடித்தார். பெரிய போட்டிகளில் ஆடப்பட்ட கைகளை ஆராய்ந்த அவர், 1969-ஆம் ஆண்டில் ‘பிரிட்ஜ் வேர்ல்டு’ என்ற அமெரிக்க இதழில் அதை வெளியிட்டார். 1992-இல் லாரி கோஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. மொத்தப் பிடிகளின் விதி என்று அதற்குப் பெயர். ஒரு ஜோடியிடம் அவர்களுக்கு உகந்த துருப்பு எத்தனை, மற்ற ஜோடியிடம் அவர்களுக்கு உகந்த துருப்பு எத்தனை என்று கூட்டிக்கொள்ள வேண்டும். இரு ஜோடிகளும் தத்தம் துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ அதற்குச் சமமாக இருக்கும் என்பதே விதி.

நம் எடுத்துக்காட்டில் வடக்கு தெற்கிடம் ஒன்பது ஆட்டின். கிழக்கு மேற்கிடம் ஒன்பது இஸ்பேட். கூட்டினால் பதினெட்டு. பிடிகளோ பத்தும் எட்டும், அதுவும் பதினெட்டு. மேற்கு, தம்மிடம் ஆறு இஸ்பேட், கூட்டாளியிடம் மூன்று, தம்மிடம் ஒரே ஆட்டின் இருப்பதால் எதிரிகளிடம் ஒன்பது இருக்கலாம் என்று ஊகிக்கிறார். எதிரிகள் பத்துப் பிடி எடுப்பார்களானால் நமக்கு எட்டு. இழப்பு 300, தப்பியது 620. எதிரிகள் ஒன்பதே எடுப்பார்களானால் நமக்கும் ஒன்பது. அப்போது தோற்கவேண்டிய எதிரியைத் தப்பவிட்டு நாமே 100 கொடுக்கிறோம். பெறக்கூடியது பெரிது, இழக்கக்கூடியது சிறிது. ஆகவே நான்கு இஸ்பேட் கேட்பது நியாயமே.

நடைமுறைக்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. ஜோடியிடம் எட்டுத் துருப்பு இருந்தால் இரண்டாவது படி வரையிலும், ஒன்பது இருந்தால் மூன்றாவது படி வரையிலும், பத்து இருந்தால் நான்காவது படி வரையிலும் போட்டியிடலாம். அதற்கு மேல் ஏறுவதற்கு, நாம் கண்டதுபோல், புள்ளி நிலையில் தக்க காரணம் வேண்டும். இவ்விதியை விதி என்பதைவிட வழிகாட்டி என்பதே பொருத்தம். கைகளின் அமைப்பால் ஒன்றிரண்டு பிடி கூடவோ குறையவோ செய்யலாம். 2004-இல் இதை மறுத்து ஒரு நூலே எழுந்தது. ஆயினும் பயில்வோருக்கு இதைப் போன்ற துணை வேறில்லை.

இனி தடுப்பாட்டத்துக்கு வருவோம். பிரிட்ஜில் ஒப்பந்தம் எடுத்தவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்துவிடுகிறார். அவரை டம்மி என்பர். நீண்ட காலக் கணக்கில் நான்கில் ஒரு பங்கு ஆட்டங்களில் நாம் ஒப்பந்தத்தை ஆடுவோம். நான்கில் ஒரு பங்கில் டம்மியாக இருப்போம். மீதிப் பாதியில் தடுப்பாட்டம் ஆடுவோம். ஆனால் பயில்வோர் எல்லாரும் ஒப்பந்தம் ஆடுவதிலேயே கருத்தைச் செலுத்துகிறார்கள். பாதி ஆட்டத்தைப் பயிலாமலே விட்டுவிடுகிறோம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தடுப்பாட்டம் ஏன் கடினம்? ஒப்பந்தம் ஆடுபவர் தம் அணியின் இருபத்தாறு சீட்டுகளையும் காண்கிறார். தடுப்பவரும் இருபத்தாறு காண்கிறார். ஆனால் அவற்றில் பாதி டம்மியின் சீட்டுகள், அதாவது எதிரியுடையவை. தம் அணியின் மறுபாதி கூட்டாளியின் கையில் மறைந்திருக்கிறது. அதை அவர் ஊகித்தறிய வேண்டும். அதற்கு உதவுவன ஏலத்தில் கேட்ட சொற்களும், கூட்டாளி இறக்கும் ஒவ்வொரு சீட்டுமே.

‘பதினொன்றின் விதி’ என்று ஒன்று உண்டு. விஸ்ட் ஆட்டத்தின் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ராபர்ட் ஃபாஸ்டர் என்பவர் இதை வெளியிட்டார். நீளமான வகையிலிருந்து முதற்சீட்டு இறக்கும்போது, மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குவது மரபு. அப்படி இறக்கப்பட்ட சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது, மற்ற மூவரிடமும் சேர்த்து அதைவிட உயர்ந்த சீட்டுகள் எத்தனை என்பது. இதில் மாயம் ஏதுமில்லை. ஜாக்கியை 11, ராணியை 12, ராஜாவை 13, ஏஸை 14 என்று கொள்ளுங்கள். 7-க்கு மேற்பட்ட சீட்டுகள் ஏழு. அவற்றில் மூன்று இறக்கியவரிடமே உள்ளன. மிச்சம் நான்கு. பதினொன்றில் ஏழு போனாலும் நான்குதான்.

எதிரணி மூன்று நோ டிரம்ப் ஆடுகிறது. உங்கள் கூட்டாளி மேற்கு, இஸ்பேட் 7-ஐ இறக்குகிறார். டம்மியிடம் இஸ்பேட் ராணி, 8, 2. கிழக்காகிய உங்களிடம் ஏஸ், 10, 3. டம்மியிலிருந்து 2 விழுகிறது. மூன்றாம் கை உயர்வாக ஆட வேண்டும் என்று படித்த பழக்கத்தில் ஏஸைப் போடக் கை நீளும். சற்றுப் பொறுங்கள். 7-க்கு மேற்பட்டவை நான்கு. டம்மியிடம் ராணியும் 8-உம். உங்களிடம் ஏஸும் 10-உம். நான்கும் கணக்கில் வந்துவிட்டன. ஒப்பந்தக்காரரிடம் 7-ஐ வெல்லும் இஸ்பேட் ஒன்றுகூட இல்லை! ஆகவே 10 போட்டாலே பிடி உங்களுடையது. அடுத்து ஏஸ், அதற்கடுத்து 3. கூட்டாளியின் ராஜா அதை வாங்க, டம்மியின் ராணி அதன்மேல் விழுந்துவிடும். கூட்டாளியிடம் இஸ்பேட் ஐந்து இருந்திருந்தால் ஐந்து பிடியும் தொடர்ந்து உங்கள் அணிக்கே வரும். எதிரி விளையாடத் தொடங்கும் முன்னே ஒப்பந்தம் முறிந்துவிடும். முதலிலேயே ஏஸைப் போட்டிருந்தால், டம்மியின் ராணி ஒரு பிடி எடுத்தே தீரும். ஒரு கழித்தல் கணக்கு ஓர் ஆட்டத்தைக் காத்தது.

கூட்டாளிகள் தம் சீட்டுகளாலேயே பேசிக்கொள்ளும் குறிகளும் உண்டு. கூட்டாளி இறக்கிய வகையில் தேவையின்றி உயர்ந்த சீட்டொன்றைப் போட்டால் ‘இதையே தொடர்க’ என்று பொருள். தாழ்ந்த சீட்டுக்கு ‘வேறு வழி பார்க்க’ என்று பொருள். எதிரி ஒரு வகையை ஆடும்போது, முதலில் உயர்ந்ததும் பின் தாழ்ந்ததுமாகப் போட்டால் என்னிடம் அவ்வகையில் இரட்டைப்படை எண்ணிக்கை என்பது குறி. 1930-களில் ஹை லாவிந்தால் என்ற அமெரிக்கர், ஒரு சீட்டின் உயர்வு தாழ்வைக் கொண்டு, அடுத்து எந்த வகைக்குத் திரும்ப வேண்டும் என்று சுட்டும் முறையையும் பரப்பினார். இக்குறிகள் எல்லாம் வெளிப்படையானவை. நாம் எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்பதை அறியும் உரிமை எதிரிக்கும் உண்டு. கேட்டால் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் பிரிட்ஜின் அறம் நிற்கிறது. சீட்டாலும் ஏலச் சொல்லாலும் எதை வேண்டுமானாலும் கூட்டாளிக்கு உணர்த்தலாம். குரலாலும், முகக் குறிப்பாலும், விரலாலும், தயக்கத்தாலும் எதையும் உணர்த்தலாகாது. முன்சொன்ன எடுத்துக்காட்டை மீண்டும் பாருங்கள். வடக்கு ‘மூன்று ஆட்டின்’ என்றவுடன், கிழக்கு ‘மூன்று இஸ்பேட்’ கேட்காமல், நெடுநேரம் சீட்டுகளை உற்றுப் பார்த்துப் பெருமூச்செறிந்து ‘பாஸ்’ என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பெருமூச்சாலேயே தெரிந்துபோயிற்று. தெற்கு ‘நான்கு ஆட்டின்’ என்ற பிறகு மேற்கு என்ன செய்ய வேண்டும்? அந்தத் தயக்கத்தைத் தாம் காணாதவர்போல் எண்ணி, தம் கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தத் தயக்கம் எந்தப் பக்கம் சாய்க்கிறதோ அந்தப் பக்கம் சாயாமல் இருப்பதே விதி. சிந்திப்பது குற்றமன்று, கூட்டாளியின் சிந்தனையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதே குற்றம். அறிந்த ஒன்றை அறியாததுபோல் ஒதுக்கிவைப்பதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த அறத்தில் ஐயம் ஏற்பட்டபோது உலகமே கலங்கியது. 1965-ஆம் ஆண்டில் புவனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் புகழ்பெற்ற ஜோடியான டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆட்டின் சீட்டுகளின் எண்ணிக்கையை உணர்த்திக்கொண்டார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலகப் பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம் உண்மை என்றது. பிரிட்டனில் நடந்த தனி விசாரணையோ குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. இருவரும் குற்றத்தை மறுத்தே வந்தனர். பின்னர்ப் பெரிய போட்டிகளில் மேஜைக்குக் குறுக்கே திரை கட்டும் வழக்கம் வந்தது. வாயால் கேட்பதற்குப் பதிலாக, ஏலச் சொற்கள் அச்சிட்ட அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் முறையும் பரவியது. குரலின் ஏற்ற இறக்கம்கூடச் செய்தியாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் கழகங்களிலும் வீடுகளிலும் ஆடும் நமக்குத் திரை இல்லை. நம் மனச்சாட்சியே திரை.

போட்டிகளில் அதிர்ஷ்டத்தை நீக்கவும் ஒரு முறை உண்டு. ஒரு மேஜையில் ஆடிய அதே சீட்டுகளை, கலைக்காமல் பலகையில் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்புவர். அங்கும் அதே கைகளே ஆடப்படும். நல்ல சீட்டு வந்ததால் வென்றேன் என்றோ, வராததால் தோற்றேன் என்றோ யாரும் சொல்ல முடியாது. அதே சீட்டை வைத்து மற்றவரைவிட நீ என்ன செய்தாய் என்பதே கேள்வி. இம்முறையில்தான் 2018-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் தே சர்க்காரும் ஆடவர் ஜோடிப் பிரிவில் நமது நாட்டுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தனர். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. அடுத்த ஆசியப் போட்டி சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்தபோது, இந்திய ஆடவர் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. கால் தளர்ந்த பின்னும் நாட்டின் பெயரால் களமிறங்கத் தக்க விளையாட்டுகள் சிலவே. பிரிட்ஜ் அவற்றுள் ஒன்று.

புதிதாகப் பயில விரும்புவோருக்கு இரண்டொரு சொல். முதலாவது, பணயம் வைத்து ஆடாதீர்கள். பணம் நுழைந்த இடத்தில் தடுப்பாட்டத்தின் நுட்பம் தங்காது, நட்பும் தங்காது. இரண்டாவது, நிலையான கூட்டாளி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். நூறு மரபுகளை அரைகுறையாக அறிவதைவிட, பத்து மரபுகளை இருவரும் ஐயமின்றி அறிந்திருப்பது மேல். மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆட்டம் முடிந்தவுடன் கூட்டாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். டம்மியும் திறந்து, எல்லாச் சீட்டுகளும் விழுந்த பிறகு சரியான வழி எவருக்கும் தெரியும். அவர் முடிவெடுத்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தவை எவை என்பதை எண்ணிப் பார்த்தால், கோபத்துக்கு இடமிருக்காது. கடிந்துகொள்ளப்பட்ட கூட்டாளி அடுத்த கையில் அஞ்சி ஆடுவார். அஞ்சி ஆடுபவரால் தியாக ஏலமும் கேட்க முடியாது. ஏஸைப் பொறுத்து வைக்கவும் முடியாது. எதிரிகள் இருவரோடு மூன்றாவது எதிரியாக நாமே சேர்ந்துவிடுவோம்.

உற்றார் உறவினரைப் பிரிந்து வெளியூரில் வாழ்பவருக்கு, வாரத்தில் ஒரு நாள் தம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மூவர் இருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல். அந்த மூவரின் தாய்மொழி எதுவாக இருந்தாலும் என்ன? பதினைந்து சொற்கள் போதும். அவற்றை நாணயமாகச் சொன்னால் போதும்.